‘வயசானா அப்படித்தான்’ என்று நாம் விட்டுவிடும் நோய்

இந்தியாவில் முதுமை பற்றி நடந்த மிகப் பெரிய கணக்கெடுப்புகளில் ஒன்று லாசி. 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வருமானம் முதல் ரத்த அழுத்தம் வரை எல்லாம் கேட்டு, அளந்து எழுதினார்கள். அதில் மனச்சோர்வு பற்றி இரண்டு எண்கள் இருக்கின்றன. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கலாம் என்று அவர்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துத் தெரிந்தது. ஆனால் “உங்களுக்கு இந்த நோய் இருப்பதாக டாக்டர் யாராவது சொல்லியிருக்கிறாரா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் வெறும் 0.8 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இந்த அளவுக்குக் கண்ணில் படாமல் இருந்தால் சும்மா விடுவோமா?

கண்ணில் படாததற்குக் காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பெரியவர் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார், பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைக்கிறார், பேரனின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட “நான் எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க” என்கிறார். வீட்டில் என்ன சொல்கிறோம்? வயசாச்சுல்ல, அப்படித்தான் இருப்பாங்க. மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், சில சமயம் டாக்டரே சொல்கிறார். கொடுமை என்னவென்றால் அந்தப் பெரியவரும் அதையே நம்புகிறார்.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 60 தாண்டியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு இந்தத் தீவிர மனச்சோர்வு இல்லை. வயதுதான் காரணம் என்றால் எல்லாருக்கும் வந்திருக்க வேண்டுமே. வயது தனியாக இதைக் கொண்டுவருவதில்லை. வயதோடு சேர்ந்து வரும் வேறு பல விஷயங்கள் கொண்டுவருகின்றன. அந்த விஷயங்களில் பாதியையாவது நாம் கைவைத்துச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நோய் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். வருத்தம் எல்லாருக்கும் வரும், போகும். மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கில் ஒன்பது அறிகுறிகள்: மனம் வாடிக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது, நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தீராத அசதி, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் அல்லது காரணமில்லாத குற்றவுணர்வு, கவனம் நிற்காமல் போவது, சாவு பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த ‘முதல் இரண்டில் ஒன்று’ என்பதைக் கவனியுங்கள். வருத்தமே இல்லாமல், நாட்டமின்மை மட்டும் இருந்தாலும் அது மனச்சோர்வாக இருக்கலாம். வயதானவர்களிடம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அவர்கள் அழமாட்டார்கள், “மனசு சரியில்ல” என்றும் சொல்லமாட்டார்கள். வயிறு எரியுது, வாயு ஏறுது, காலெல்லாம் குடைச்சல், தலை கிறுகிறுன்னு இருக்கு, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, வாயில ஒண்ணுமே ருசிக்கல. எல்லாமே உடம்பு. கேட்பவருக்கு அது உடம்பு நோயாகத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள், எழுபதைத் தாண்டியவர். வயிற்றுக்கு எண்டோஸ்கோபி, நெஞ்சுக்கு ஈசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன். எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்ல சார், கேஸ்தான்” என்று ஒரு மாத்திரை. அடுத்த மாதம் வேறு டாக்டர், அதே பரிசோதனைகள், இன்னும் இரண்டு மாத்திரை. கோப்பு தடிமனாகிக்கொண்டே போகும். எந்த இடத்திலும் யாரும் அவரிடம், “தினமும் காலையில நடக்கப் போவீங்களே, இப்ப ஏன் போறதில்ல?” என்று கேட்டிருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர் கேட்கக்கூடிய உருப்படியான கேள்வி இதுதான்: போன வருஷம் விரும்பிச் செய்த எதை இந்த வருஷம் விட்டுவிட்டார்? பேப்பர் படிப்பதா, பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவதா, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதா, தங்கையோடு போனில் பேசுவதா? முட்டி வலியால் நடையை விட்டிருந்தால் அது வேறு. உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடியதையும் விட்டிருந்தால் யோசிக்க வேண்டும்.

இன்னொரு முகமும் உண்டு, எரிச்சல். சாதுவாக இருந்த மனிதர் காபி ஆறிப்போனதற்குக் கத்துவார், யாரையும் நம்பமாட்டார், எல்லாரையும் குறை சொல்வார். “கிழத்துக்குத் திமிர்” என்று வீடு ஒதுங்கும், அவர் இன்னும் தனியாவார்.

உடம்பு அறிகுறிகள் இப்படிக் குழப்பும் என்பதால்தான் முதியவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாளை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெரோம் யெசவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். முதலில் 30 கேள்விகள், 1986-ல் அதையே 15 ஆகச் சுருக்கினார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம், இல்லை என்றால் போதும். தூக்கம், பசி, வலி என்று எதையும் அதில் கேட்பதில்லை. எழுபது வயதில் யாருக்குத்தான் முட்டி வலிக்காது, யாருக்குத்தான் ராத்திரி விழிப்பு வராது? பதிலாக, உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா, பொழுது போகாமல் அடிக்கடி சலிப்பாக இருக்கிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருப்பது மேல் என்று தோன்றுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். இந்தியாவிலும் புழக்கத்தில் இருக்கிறது. இது நோயை உறுதி செய்யும் பரிசோதனை கிடையாது, டாக்டரிடம் போக வேண்டுமா என்று சொல்லும் சல்லடை, அவ்வளவுதான்.

மனச்சோர்வு மாதிரியே தெரிந்தும் மனச்சோர்வு அல்லாத சிலவற்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் போய்விட்டால் வரும் துக்கம் நோய் இல்லை. துக்கத்தில் இருப்பவர் அழுவார், நடுவில் பழைய கதை சொல்லிச் சிரிக்கவும் செய்வார், பேரப்பிள்ளை மடியில் ஏறினால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சி வராது. கூடவே ‘நான் ஒரு பாரம், நான் இருந்து என்ன பயன்’ என்று தன்மீதே பழி விழும். மாதங்கள் போயும் துக்கம் கொஞ்சமும் இளகாமல், சாப்பாடு தூக்கம் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தால் அது நோய்ப் பக்கம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், “போய்ச் சேர்ந்தா தேவல, கை கால் நல்லா இருக்கும்போதே எமன் கூப்பிட்டுடணும்” என்று நம் ஊர்ப் பாட்டிகள் வெற்றிலை மென்றுகொண்டே சொல்வது. அதை நிம்மதியாகச் சொல்பவர் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்ப்பார். அதே வார்த்தையை முகம் செத்துப்போய், சாப்பிடாமல், திரும்பத் திரும்பச் சொன்னால் அது வேறு விஷயம்.

மறதி நோயோடு குழப்பிக்கொள்வது இன்னும் அதிகம். மனச்சோர்வில் கவனம் நிற்காததால் சாவியை வைத்த இடம் மறக்கும், பெயர் மறக்கும், வீட்டில் டிமென்ஷியா என்று பயந்துவிடுவார்கள். பொதுவாக, மனச்சோர்வில் இருப்பவர் தன் மறதியைத் தானே பெரிதாகச் சொல்லிப் புலம்புவார், கேள்வி கேட்டால் முயற்சிகூடச் செய்யாமல் “தெரியல” என்பார். டிமென்ஷியாவில் இருப்பவர் பெரும்பாலும் மறதியை ஒத்துக்கொள்ளமாட்டார், ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார். இது கறாரான விதி இல்லை. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரும். வயதான காலத்தில் முதல் முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னோட்டமாகவும் இருக்கிறது. அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாமல் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் போய் மந்தமாகிவிட்டால் அது இரண்டுமே இல்லை. சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சரி, ஏன் வருகிறது?

உடம்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதைத்தான் விட்டுவிட்டு நேராகப் ‘பிள்ளைகள் கவனிப்பதில்லை’ என்ற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே சிலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. கை கால் வரவில்லையே என்ற கவலையால் மட்டும் இது வருவதில்லை, மூளையிலேயே நடக்கும் மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. பல வருஷ ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சேதப்படுத்தும். மனநிலையை ஒழுங்காக வைத்திருக்கும் இணைப்புகள் அந்த வழியாகப் போகின்றன. 1997-ல் ஜார்ஜ் அலெக்ஸோபூலஸ் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த கருத்து இது. வாலிபத்திலிருந்தே அவ்வப்போது மனச்சோர்வு வந்து போகிறவர்களுக்குக் குடும்பத்தில் யாருக்காவது அது இருந்திருப்பது அதிகம். அறுபதுக்கு மேல் முதல் தடவையாக வருபவர்களிடம் பரம்பரையின் பங்கு குறைவு, ரத்தக் குழாய்களின் பங்கு கூடுதல். ‘எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே’ என்று ஆச்சரியப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னும் எளிதான காரணங்கள் இருக்கின்றன. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, மந்தம், மலச்சிக்கல், எதிலும் ஆர்வமின்மை, அப்படியே மனச்சோர்வின் முகம். வைட்டமின் பி12 குறைந்தாலும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். வயிற்றெரிச்சலுக்கு பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகளைத் தினமும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கும் குறையலாம். சுத்த சைவம் என்றால் ஏற்கெனவே குறைவாக இருக்கும். மூன்றும் சேர்ந்த ஆட்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! ரத்தசோகை இன்னொன்று. இவையெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரியும் செய்யலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், போதும்.

மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுவது நல்லது. ஸ்டீராய்டு மனநிலையைப் புரட்டிப் போடும். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரையை பார்மசியில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருஷக்கணக்கில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது பகலிலும் மந்தமாக்கும், தள்ளாட வைத்துக் கீழே விழவைக்கும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. குடியையும் கேளுங்கள். பெரியவர் ஆயிற்றே, எப்படிக் கேட்பது என்று டாக்டர்களே தயங்குகிறார்கள், ஓய்வுபெற்ற பிறகு தினசரிக் குடிக்கு மாறியவர்கள் அப்படித்தான் தப்பிவிடுகிறார்கள்.

காதும் கண்ணும். இதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். காது மந்தமானால் முதலில் நடப்பது என்ன? கல்யாண வீட்டில் நாலு பேர் சிரிக்கிறார்கள், எதற்கு என்று தெரியாமல் இவரும் சிரித்து வைக்கிறார். அடுத்த கல்யாணத்துக்குப் போவதில்லை. வீட்டில் ஒன்றை மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் தனியாள். காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தால் “கொய்ங்குது” என்று கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் சரியாக அமைத்துப் பழக்க வேண்டும், ஒரு தடவையில் ஒத்துவராது. கண்புரையும் இப்படித்தான், பேப்பர், சீரியல், எதிரே வருபவரின் முகம், எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும். அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையிலும், ஊர் ஊராக நடக்கும் கண் முகாம்கள் வழியாகவும் இலவசமாகவே கிடைக்கிறது. டிமென்ஷியாவைப் பற்றி 2024-ல் வந்த, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கை, தடுக்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டபோது காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை நான்கையுமே அதில் சேர்த்தது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

தீராத வலி, அதனால் கெடும் தூக்கம், தூக்கம் கெட்டதால் இன்னும் கூடும் வலி என்று ஒரு வட்டம் இருக்கிறது. எதில் நுழைந்து உடைத்தாலும் மற்றவை கொஞ்சம் இறங்கும்.

இப்போது வாழ்க்கைப் பக்கம் வருவோம். துணை இழப்பது எல்லா ஊரிலும் பெரிய அடிதான், ஆனால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதாலும், தம்மைவிட மூத்தவரைக் கட்டிக்கொண்டதாலும், கணவனை இழந்து பல வருஷம் வாழ்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. கணவன் போனதோடு பூவும் பொட்டும் போய், வளைகாப்பில் பின்வரிசைக்குத் தள்ளி, நல்ல காரியத்துக்குக் கிளம்புபவர் எதிரே வரக் கூசி நிற்கும் நிலை இன்னமும் பல குடும்பங்களில் இருக்கிறது. துக்கத்தோடு ஒதுக்கலும் சேர்கிறது. வீடு யார் பேரில், பாஸ்புக் யாரிடம் என்ற கேள்விகளும் அன்றைக்கே தொடங்கிவிடும். ஆண்களுக்கு வேறு மாதிரி: ஒரு டம்ளர் காபி போடத் தெரியாது, மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாது, பிள்ளைகளோடு பேசுவதுகூட அதுவரை மனைவி வழியாகத்தான். அந்த ஒரே பாலம் போய்விடுகிறது.

இன்னொரு பழக்கம் நம் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில், அல்லது இங்கே மூன்று மாதம் அங்கே மூன்று மாதம். பிள்ளைகளுக்கு அது நியாயமான பங்கீடு. ஆனால் அந்த வயதில் ஒருவர் தெரிந்த மருந்துக் கடை, தெரிந்த கோயில், பேச்சுத்துணை எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இழக்கிறார். ஊரில் வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவரைச் சென்னை, பெங்களூர் என்று ஏழாவது மாடி அடுக்ககத்துக்குக் கூட்டிவந்து, எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், எதிர்க்கதவும் சாத்தியிருக்கும். அவர் தனியாக வாழவில்லை, ஆனாலும் தனிமையில் இருக்கிறார். தனியாக வாழ்ந்தும் தனிமை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு உண்மையைச் சொல்லாது.

பணம் சேரும்போது இது இன்னும் கடுமையாகிறது. அரசு வேலையில் இருந்தவருக்கு 60 வயதில் ஓய்வு, பென்ஷன் வருகிறதோ இல்லையோ ஒரு தேதியாவது உண்டு. கூலி வேலை செய்தவருக்கு அந்தத் தேதியே கிடையாது, உடம்பு ஒத்துழைக்காத அன்றைக்குத்தான் ஓய்வு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது. அந்த ஓஏபி பணத்தைப் பெரிய தொகையாக இல்லாவிட்டாலும் தன் கையில் இருக்கும் தொகையாகப் பார்க்கிறார்கள்; வெற்றிலைக்கும் பேரனின் மிட்டாய்க்கும் யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பது மனதுக்குப் பெரிய விஷயம். பொருளாதாரத்துக்கு 2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் இருக்கும் ஆய்வுக் குழு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனியாக வாழும் முதியவர்களிடம் மனச்சோர்வை அளந்து, தொலைபேசி வழி ஆலோசனையையும் ரொக்க உதவியையும் சோதித்துப் பார்த்திருக்கிறது. வறுமையைப் படிப்பவர்கள் முதியவர்களின் மனநிலையைத் தேடி வந்தது தற்செயல் இல்லை.

நாம் பேசாத இன்னொரு கூட்டம், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் முதியவர். படுத்த படுக்கையான கணவனை, அல்லது யாரென்றே தெரியாமல் போய்விட்ட கணவனை, 68 வயது மனைவி இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறார். பார்க்க வருபவர்கள் எல்லாம் “அவர் எப்படி இருக்கார்?” என்றுதான் கேட்பார்கள். இவருக்குத் தூக்கம் போய், முதுகு போய், யாரும் கவனிக்காமலேயே மனச்சோர்வு வந்து உட்கார்ந்திருக்கும். திட்டு, அடி, சோறு போடாமல் தண்டிப்பது, கையெழுத்து வாங்கி சொத்தை எழுதிக்கொள்வது மாதிரியான கொடுமைகளும் நடக்கின்றன. அங்கே மாத்திரை கொடுத்து என்ன ஆகப்போகிறது? முதலில் அந்தக் கொடுமை நிற்க வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இத்தனை காரணங்களையும் படித்துவிட்டு மலைத்துப் போக வேண்டாம். கோவாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, 2019-ல் வெளியானது. 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேர், முழு மனச்சோர்வு இன்னும் வரவில்லை, ஆனால் லேசான அறிகுறிகள் இருக்கின்றன. அவர்களில் ஒரு பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆட்கள் மனநல மருத்துவர்களோ உளவியலாளர்களோ இல்லை. அவர்கள் செய்தது: உங்கள் முன்னால் இருக்கும் பிரச்சினை என்ன, அதை எப்படித் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்க்கலாம் என்று கூட உட்கார்ந்து பார்ப்பது, நன்றாகத் தூங்குவதற்கான பழக்கங்களைச் சொல்லிக் கொடுப்பது, சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளக் கற்றுத் தருவது, அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க உதவுவது. ஒரு வருஷத்தில் தீவிர மனச்சோர்வுக்குப் போனவர்கள் இந்தப் பக்கம் 4.4 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 14.4 சதவீதம். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பென்ஷன் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியாக இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மக்களைத் தேடி மருத்துவம்தான் நினைவுக்கு வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். வயதானவர் வீட்டுக்குள் தவறாமல் வந்து போகும் ஒரே வெளி ஆள் பல இடங்களில் அந்தப் பெண் தன்னார்வலர்தான். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, போன இரண்டு வாரமாக மனசு வாட்டமாக இருந்ததா, எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா என்று இரண்டே கேள்வி கேட்டால் எத்தனை பேரைப் பிடித்துவிடலாம்! அந்த இரண்டு கேள்விகளும் உலகம் முழுக்கப் புழங்கும் சல்லடைதான், நான் கண்டுபிடித்தது இல்லை.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? “மனநல டாக்டரிடம் போகலாம்” என்று சொன்னாலே பெரியவர்கள் “எனக்கென்ன பைத்தியமா?” என்று எழுந்து போய்விடுவார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்குங்கள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அதற்காக என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. ஆனால் போவதற்கு முன் டாக்டருக்கு நீங்கள் பார்த்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அறைக்குள் போனதும் பெரியவர் “நல்லா இருக்கேன், கால் வலி மட்டுந்தான்” என்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. சென்னையில் முதியவர்களுக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவை டாக்டர் வி.எஸ்.நடராஜன் அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே தொடங்கினார், நாட்டுக்கே அது முன்னோடி. கிண்டியில் முதியோருக்கான 200 படுக்கை தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறந்தது.

மருந்து பற்றிப் பயம் நிறைய. ‘அடிமையாகிவிடுவார்’, ‘தூங்கிக்கொண்டே இருப்பார்’ என்பார்கள். அது தூக்க மாத்திரைக்குப் பொருந்தும், எஸிடாலோபிராம், செர்ட்ராலின் மாதிரியான மனச்சோர்வு மருந்துகளுக்குப் பொருந்தாது. வயதானவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். இரண்டு வாரத்தில் “ஒண்ணும் கேட்கல” என்று நிறுத்துவதும், நான்கு மாதத்தில் “நல்லாயிடுச்சு” என்று நிறுத்துவதும் இரண்டுமே தப்பு. நன்றான பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். கவனிக்க வேண்டிய பக்க விளைவு ஒன்று, சோடியம் குறைவது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் குழப்பம், தள்ளாட்டம் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அமிட்ரிப்டிலின் மாதிரிப் பழைய வகை மருந்துகள் வாயை வறட்டும், மலத்தையும் சிறுநீரையும் கட்டும், குழப்பமும் உண்டாக்கும், அதனால் முதியவர்களுக்கு யோசித்துத்தான் எழுதுவார்கள்.

பேச்சு வழிச் சிகிச்சை வயதானவர்களுக்கும் வேலை செய்கிறது, ‘இந்த வயசுல யார் மாறப்போறாங்க’ என்பது வெறும் வாய்ப்பேச்சு. அதன் எளிய வடிவம் ஒன்றை வீட்டிலேயே தொடங்கலாம்: மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திராமல், தினமும் ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்ய வைப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் நடை, கீரை ஆய்வது, பேத்தியின் வாய்ப்பாட்டைக் கேட்பது. ‘நீங்க சும்மா உட்காருங்க’ என்று அன்பாகச் சொல்லி எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது மரியாதை மாதிரித் தெரிந்தாலும், அவர் கையில் இருந்த கடைசிப் பொறுப்பையும் அது எடுத்துவிடுகிறது.

மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்சிகிச்சை என்றால் சினிமாவில் காட்டிய பயங்கரம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். சோறு தண்ணீரை முழுதாக விட்டுவிட்ட, அல்லது ‘என் குடல் அழுகிப்போச்சு, நான் பாவி’ என்று பிரமை வந்துவிட்ட முதியவர்களுக்கு மருந்தைவிட வேகமாக உதவும் சிகிச்சை அது. சில நாள் மறதி இருக்கலாம்.

கடைசியாக, தள்ளிப்போடவே கூடாத விஷயம். தற்கொலை என்றால் நமக்கு இளைஞர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதியவர்கள் முயற்சி செய்வது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் முயன்றால் உயிர் போகும் வாய்ப்பு மிக அதிகம், முன்கூட்டிச் சொல்வதும் குறைவு. திடீரென்று நகையைப் பிரித்துக் கொடுப்பது, பத்திரங்களை ஒழுங்குபடுத்துவது, எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரிப் பேசுவது, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது, சாப்பாட்டையும் மருந்தையும் மறுப்பது, இவற்றைப் பார்த்தால் நேரடியாகவே கேளுங்கள்: “வாழ வேணாம்னு தோணுதாப்பா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது; ஒருவராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எந்நேரமும் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். கொடுமை, பென்ஷன், கைவிடப்பட்ட நிலை மாதிரிப் பிரச்சினைகளுக்கு முதியோர் உதவி எண் 14567, அது பகல் நேரத்தில் மட்டும்.